யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பெட்டி

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, சாப்பாடு முடிந்து தட்டுகள் மேசையிலேயே காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், கல்லூரிக் காலத்து நண்பன் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் என்னை விடவில்லை. அவனும் நானும் இருபது வருடமாகக் கேம்பிரிட்ஜில் சிப் தொழிலில் பிழைப்பவர்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றி, எண்பதுகளில் இங்கே வீட்டுக் கம்ப்யூட்டரை மலிவாக விற்ற சர் கிளைவ் சின்க்ளேரிடம் வந்து நின்றது. நான் அவரைப் பற்றிக் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுப் பேசியிருப்பேன் போலிருக்கிறது. அவன் தயிர்க் கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவிட்டுச் சொன்னான்: "மச்சி, அந்தாளு என்ன கண்டுபிடிச்சாரு சொல்லு. ப்ராசஸர் அவர் சரக்கு கிடையாது. ப்ரோகிராம் எழுதுற பேசிக் மொழி அவர் சரக்கு கிடையாது. டிவி, டேப் ரெக்கார்டர் ரெண்டும் வாங்குறவன் வீட்டுல ஏற்கெனவே இருந்தது. மலிவா வித்தாரு. அவ்வளவுதானே?"

அவ்வளவுதானே என்ற அந்தக் கடைசிச் சொல்லுக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அது ஓடிக்கொண்டே இருந்தது. நம் பேச்சிலேயே இதற்கு எத்தனை சொல் பாருங்கள். சல்லிசு, மலிவு, சிக்கனம், கஞ்சத்தனம். பத்து ரூபாய்ச் சாமானை ஐந்து ரூபாய்க்குக் கொடுத்தவன் இந்த நாலில் எதைச் செய்தான் என்று சொல்ல வேண்டுமென்றால், அந்த ஐந்து ரூபாயை அவன் எங்கிருந்து குறைத்தான் என்று பார்த்தாக வேண்டும். நான் பார்க்கத் தொடங்கியது அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான் விற்கும் கார் பூட் சேலில், பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே சின்க்ளேரின் இசட்எக்ஸ்81 கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. முப்பது பவுண்டு கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்த கம்ப்யூட்டர்

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், நான் முதன்முதலில் தொட்ட கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சின்க்ளேர் செய்ததல்ல. அவருடைய போட்டியாளர்களான ஏக்கார்ன் நிறுவனத்தாரின் பிபிசி மைக்ரோ. 1984-இல் மத்திய அரசு பள்ளிகளுக்காக 'கிளாஸ்' என்றொரு திட்டம் தொடங்கியது. நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்த சில நூறு பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ போயிற்று. எங்கள் பள்ளிக்கும் வந்தது. அதற்கென்று ஒரு அறையைக் காலி பண்ணி, ஏசி போட்டு, பச்சைத் திரை தொங்கவிட்டு, வாசலில் கால்மிதி விரித்தார்கள். தலைமை ஆசிரியர் அறையிலேயே ஏசி கிடையாது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, வரிசையாக, பேசாமல் உள்ளே போவோம். ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர், வாரத்தில் ஒரு பீரியட்.

அந்தக் கீபோர்டின் மேல் வலது மூலையில் 'பிரேக்' என்றொரு பட்டன் உண்டு. அதைத் தொடவே கூடாது என்பது முதல் பாடம். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் நான் தொட்டுவிட்டேன். வேண்டுமென்றே அல்ல, பக்கத்துப் பையன் தோளை இடித்தான், விரல் போய் விழுந்தது. சார் அரை மணி நேரமாக அடித்து வைத்திருந்த ப்ரோகிராம் திரையிலிருந்து காணாமல் போயிற்று. அறை முழுக்க மூச்சுக்கூட இல்லை. அந்த வருடம் முடியும் வரை நான் அந்த அறைக்குள் போகவில்லை; வெளியே செருப்புகளுக்குக் காவல்.

முப்பது வருடம் கழித்து, இங்கே ஒரு அருங்காட்சியகத்தில் பிபிசி மைக்ரோவின் பயனர் கையேட்டைப் புரட்டியபோது ஒரு வரி கண்ணில் பட்டது. பிரேக் அழுத்தினால் ப்ரோகிராம் அழிவதில்லை. 'ஓல்ட்' என்று அடித்தால் போதும், அப்படியே திரும்ப வந்துவிடும். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. அன்று அந்த அறையில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. சாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்கும் அந்த இயந்திரத்தோடு தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எதையாவது அழுத்தி, கெடுத்து, சரிபண்ணிப் பார்க்க யாரும் இடம் கொடுக்கவில்லை. அது விலை உயர்ந்த பொருள். விலை உயர்ந்த பொருளை யாரும் கெடுத்துப் பார்ப்பதில்லை.

21 சிப் போய் 4 சிப்

இசட்எக்ஸ்81-ஐத் திருப்பிப்போட்டு, அடியில் இருந்த ரப்பர் கால்களைப் பெயர்த்து, அவற்றுக்குக் கீழே ஒளிந்திருந்த திருகுகளைக் கழற்றினேன். மூடி வந்தது. உள்ளே பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முக்கால்வாசி வெறும் பலகை. ஒரு இசட்80 ப்ராசஸர், அழியாத நினைவான 8 கிலோபைட் ரோம், எழுதி அழிக்கும் நினைவான ரேம், அப்புறம் ஃபெர்ரான்டி என்ற கம்பெனி செய்துகொடுத்த ஒரு தனிச் சிப். கதை முடிந்தது. என் மேசையில் வேலைக்காகக் கிடக்கும் சோதனைப் பலகைகளில், பவர் சப்ளைப் பகுதி மட்டுமே இதைவிட நெரிசலாக இருக்கும்.

இதற்கு முந்தைய இசட்எக்ஸ்80-இல் 21 சிப் இருந்தது. 1980-இன் தொடக்கத்தில் வந்த அந்தப் பெட்டிதான் தயார் நிலையில் நூறு பவுண்டுக்குக் கீழே இறங்கியது: 99.95 பவுண்டு, நாமே சால்டர் வைத்து ஒட்டிக்கொண்டால் 79.95. ஒரே வருடம். 1981 மார்ச் 5-ஆம் தேதி வந்த இசட்எக்ஸ்81-இல், இசட்எக்ஸ்80-இல் சிதறிக்கிடந்த 18 சிப்புகளின் வேலையை ஃபெர்ரான்டியின் ஒற்றைச் சிப்பில் அடக்கிவிட்டார்கள். விலை 69.95, ஒட்டாமல் வாங்கினால் 49.95. அந்த மாதிரிச் சிப்பில் இருக்கும் லாஜிக் சுற்றுகளில் 70 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தாதே என்பது அன்றைய தொழில் வழக்கம். சின்க்ளேர் ஆட்கள் மொத்தத்தையும் பயன்படுத்தினார்கள். சிப் சூடாகும். பெட்டிமேல் குளிர்ந்த பால் பாக்கெட்டை வைத்துக்கொண்டு ப்ரோகிராம் அடித்தவர்களைப் பற்றி இங்கே கதை கதையாகச் சொல்வார்கள். எவ்வளவு நிஜமோ, சூடு மட்டும் நிஜம்.

எல்லாவற்றையும்விட என்னைக் கட்டிப்போட்டது திரை விஷயம்தான். மற்றவர்கள் டிவியில் எழுத்து காட்டுவதற்கென்று தனிச் சுற்று வைத்தார்கள். சின்க்ளேரின் பொறியாளர் ஜிம் வெஸ்ட்வுட்டும் கூட்டாளிகளும் அந்தச் செலவையே எடுத்துவிட்டார்கள். ப்ராசஸர்தான் ஓடி ஓடித் திரைக்கான வரிகளையும் வரைய வேண்டும். அதனால் இசட்எக்ஸ்80-இல் ஒரு பட்டனை அழுத்தினாலே திரை ஒரு கணம் துடித்துப் போகும். ப்ரோகிராம் ஓடும்போது திரையே இருக்காது. இசட்எக்ஸ்81-இல் இரண்டு வழி கொடுத்தார்கள். 'ஸ்லோ' என்று அடித்தால் திரை நிற்கும், ஆனால் ப்ராசஸரின் நேரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு திரைக்கே போய்விடும். கணக்கு, திரைக்கு மேலும் கீழும் உள்ள வெற்று ஓரம் கடக்கும் இடைவெளியில்தான் நடக்கும். 'ஃபாஸ்ட்' என்று அடித்தால் நாலு மடங்கு வேகம். திரை மட்டும் இல்லை. கணக்கு முடிகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொள்ளும், முடிந்ததும் திறக்கும்.

சின்க்ளேருக்கு இது புதுப் பழக்கமும் அல்ல. 1972-இல் அவர் கொண்டுவந்த எக்ஸிக்யூட்டிவ் கால்குலேட்டரில், சிப்புக்கு மின்சாரத்தைத் தொடர்ந்து கொடுக்காமல் விட்டு விட்டுக் கொடுத்தார்கள். இடைவெளியில் சிப்பில் தங்கியிருக்கும் மின்னூட்டமே அதற்கு நினைவு. அதனால்தான் கைக்குட்டையோடு சட்டைப்பைக்குள் போகிற தடிமனில், பொத்தான் பேட்டரியில் அது ஓடியது. ஒரு பொருளுக்கு எது எப்போதும் தேவை, எது அவ்வப்போது இருந்தால் போதும் என்று உட்கார்ந்து யோசித்த ஆட்கள் அவர்கள். இது எனக்குக் கஞ்சத்தனமாகத் தெரியவில்லை. என் தொழிலில் இப்போது பேட்டரியை மிச்சம் பிடிக்க நாங்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான்; எங்களுடையதற்குப் பெரிய பெரிய பெயர்கள் இருக்கின்றன.

இசட்எக்ஸ்81-க்கு அடுத்த வருடம், 1982 ஏப்ரலில், சின்க்ளேரின் அடுத்த கம்ப்யூட்டரான ஸ்பெக்ட்ரம் வந்தது. 48 கிலோபைட் பெட்டி 175 பவுண்டு. அதன் மெமரியில் பெரும்பகுதிக்கு, ஒரு பாதி பழுதான சிப்புகளை வாங்கினார்கள். தொழிற்சாலைக்காரன் தேறாது என்று ஒதுக்கிவைத்த சரக்கில், நல்ல பாதி எது என்று பார்த்து, பலகையில் ஒரு சின்ன ஜம்பர் கம்பியால் அந்தப் பாதியை மட்டும் இணைத்தார்கள். வாங்கியவனுக்கு ஒரு பைட்கூடக் குறையவில்லை. சொத்தைக் கத்திரிக்காயில் சொத்தையை வெட்டிவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடுகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாட் பை

சரி, போர்டைப் பார்த்தாயிற்று. ஓட்டிப் பார்க்க வேண்டுமே. கராஜில் கிடந்த பழைய டப்பா டிவியை இறக்கி, 36-ஆம் சேனலில் பிடித்தேன். வெள்ளைத் திரையின் இடது கீழ் மூலையில், கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு 'கே'. அது காத்திருக்கிறது என்று அர்த்தம். கீபோர்டில் அமுங்குகிற பட்டன் கிடையாது. பிளாஸ்டிக் தாளில் அச்சடித்த 40 கட்டங்கள். 'பி' கட்டத்தைத் தொட்டால் 'பிரின்ட்' என்ற முழுச் சொல்லும் வந்து விழும். அடிக்கும் வேலையும் மிச்சம், மெமரியும் மிச்சம், ஏனென்றால் உள்ளே அது ஒரே பைட்.

மெமரி மொத்தம் 1 கிலோபைட். 1,024 பைட். இப்போது நீங்கள் படிக்கிற இந்தப் பத்தியே அதில் அடங்காது. அதிலும் 125 பைட்டை இயந்திரம் தன் சொந்தக் குறிப்புகளுக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில்தான் ப்ரோகிராம், மாறிகள், திரை மூன்றும். திரையில் ஒன்றுமே இல்லாதபோது அது 25 பைட்டில் சுருண்டு கிடக்கும். எழுத எழுத வீங்கும். முழுத் திரையும் நிரம்பினால் 793 பைட். அதாவது நம் ப்ரோகிராம் எவ்வளவு பேசுகிறதோ அவ்வளவுக்கு அது வாழும் இடம் குறையும்.

ஆயிரம் வரையுள்ள பகா எண்களை வரிசையாகக் காட்டு என்று ஒரு ப்ரோகிராம் எழுதினேன். தலைப்பு, கோடு, எண்ணிக்கை என்று அலங்காரமெல்லாம் வைத்து, என் தொழில் கௌரவத்துக்குத் தக்கபடி. ஓட்டினேன். எண்கள் நிதானமாக வரிசை கட்டி வந்து, திரை முக்கால்வாசி நிரம்பும்போது நின்றது. கீழே 4 என்றும், சாய்கோட்டுக்கு அப்புறம் வரி எண்ணும். மெமரி தீர்ந்தது என்பதற்கு அதன் குறி 4. தலைப்பைத் தூக்கினேன். மறுபடி 4. கோட்டைத் தூக்கினேன். 4. மணி பதினொன்றரை. நாள் முழுக்கக் கோடிக்கணக்கான டிரான்ஸிஸ்டர்களோடு மாரடிப்பவன், ஒரு நாற்பது பைட்டுக்காக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போதுதான் அந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த தந்திரம் ஞாபகம் வந்தது. ப்ரோகிராமில் 0 என்று ஒரு எண்ணை எழுதினால், அந்த ஒரு எழுத்தோடு முடியாது. பின்னாலேயே அதன் மதிப்பையும் சேர்த்து இயந்திரம் 6 பைட் வைத்துக்கொள்ளும். ஆக 7 பைட். ஆனால் 'நாட் பை' என்று எழுதலாம். பை என்பது 3.14-ல் தொடங்கும் அந்தப் பை. அது பூஜ்ஜியம் அல்ல. பூஜ்ஜியம் அல்லாததற்கு முன்னால் 'நாட்' போட்டால் விடை பூஜ்ஜியம். நாட் ஒரு கட்டம், பை ஒரு கட்டம், மொத்தம் 2 பைட். 1 வேண்டுமா, பையின் குறி என்ன என்று கேள், நேர்க்குறிக்கு விடை 1: 'எஸ்ஜிஎன் பை'. 3 வேண்டுமா, பையை முழு எண்ணாக வெட்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்து, பத்திரிகைகளுக்கு எழுதிப்போட்டு, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். யாரும் வகுப்பெடுக்கவில்லை. ஒரு எண் இயந்திரத்துக்குள் எப்படிக் குடியிருக்கிறது என்பதை எனக்குப் பொறியியல் கல்லூரி மூன்றாம் வருடத்தில் கரும்பலகையில் சொன்னார்கள். லீட்ஸிலும் கார்டிஃபிலும் படுக்கையறைத் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அது பிழைப்புக்கான வழியாகவே தெரிந்திருந்தது.

எண்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வரும்போதுதான் எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்து என்னை நிறுத்தியது. அந்த ஒரு ராத்திரியில் ஒரு நூறு தப்பாவது செய்திருப்பேன். இரண்டு முறை ப்ரோகிராமையே அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தேன். ஒருவரும் என்னை வெளியே அனுப்பவில்லை. 1981-இல் 69.95 பவுண்டு என்பது சும்மா கிடைக்கும் பணமில்லை. ஆனாலும் ஒரு அப்பா பிறந்தநாளுக்கு வாங்கிக்கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போகக்கூடிய தொகை. பிபிசி மைக்ரோ மாடல் பி 335 பவுண்டு என்று வந்தது. அருமையான இயந்திரம், எல்லா விதத்திலும் மேலானது. வீட்டில் அது இருந்தால் அப்பா பின்னாலேயே நின்றிருப்பார். எங்கள் பள்ளியில் சார் நின்ற மாதிரி.

நண்பன் சொன்ன அந்த மலிவு, இந்தச் சாத்திய கதவைத்தான் வாங்கிக்கொடுத்தது என்று எனக்குத் தோன்றியது. இன்னும் தோன்றுகிறது.

எங்கிருந்து குறைத்தார்கள்

ஆனால் நண்பன் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு நான் ஜெயிக்க விரும்பவில்லை. தபாலில் பணம் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். திருப்பி அனுப்பப்பட்ட பெட்டிகளும் அப்படியே. மெமரியைக் கூட்ட 49.95 பவுண்டு கொடுத்து வாங்கும் 16 கிலோபைட் ரேம் பேக்கை இசட்எக்ஸ்81-இன் பின்னால் செருகினால் அது ஆடும். மேசையை யாராவது லேசாக இடித்தால் போதும், சாயங்காலம் முழுக்க அடித்த ப்ரோகிராம் போயிற்று. ஊர் முழுக்க நீலப் பசையை உருட்டி வைத்து அதை ஒட்டினார்கள். 1984 டிசம்பரில் ஏக்கார்ன் கொடுத்த ஒரு விளம்பரம் இந்தப் பழுதுக் கணக்கைத்தான் குத்திக்காட்டியது. ஏக்கார்னின் கிறிஸ் கர்ரி ஒரு காலத்தில் சின்க்ளேரிடமே வேலை பார்த்தவர். கிறிஸ்துமஸ் நேரத்தில், இங்கே பிரிட்ஜ் தெருவிலிருக்கும் பேரன் ஆஃப் பீஃப் மதுக்கடையில், சின்க்ளேர் செய்தித்தாளைச் சுருட்டிக் கர்ரியை அடித்தார். இதை எல்லோரும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் சங்கடமாக இருக்கும். விளம்பரம் சொன்னது அவருக்கே தெரிந்த விஷயம். அதனால்தான் அப்படி வலித்தது என்று நினைக்கிறேன்.

ஸ்பெக்ட்ரமுக்கு அப்புறம் சின்க்ளேர் கொண்டுவந்த க்யூஎல் கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் நண்பன் கட்சி. 1984 ஜனவரியில், 399 பவுண்டு, 28 நாளில் வீடு வந்து சேரும் என்றார்கள். இயந்திரம் அப்போது முடிந்திருக்கவே இல்லை. மாதங்கள் கழித்துப் போன முதல் பெட்டிகளில், உள்ளே இடம் கொள்ளாத ரோம் பின்பக்கம் தனியாக ஒரு துண்டாக நீட்டிக்கொண்டு நின்றது. இசட்எக்ஸ்81-இன் சிக்கனம் முழுக்க அவர்களுடைய உழைப்பிலிருந்து வந்தது. மூளையைக் கசக்கி 18 சிப்பை எடுத்தார்கள், எடுத்ததை ஒளிக்கவும் இல்லை, திரை உங்கள் கண்முன்னேதான் மறைந்தது. க்யூஎல்லில் வாங்கியவனின் நாட்களிலிருந்து திருடினார்கள். 1986 ஏப்ரலில் கம்ப்யூட்டர் வியாபாரத்தையும் சின்க்ளேர் என்ற பெயரையும் போட்டி நிறுவனமான ஆம்ஸ்ட்ராடுக்கு 50 லட்சம் பவுண்டுக்கு விற்க வேண்டி வந்ததற்குக் காரணம் பல உண்டு. எனக்கு இது முதல் காரணம்.

அதற்குள் பெட்டிகள் வீடுகளுக்குள் போய்விட்டன. இசட்எக்ஸ்81 மட்டும் 15 லட்சத்துக்கு மேல். அவற்றைப் பாகம் சேர்த்துப் பூட்டியது ஸ்காட்லாந்தில் டண்டி நகரத்து டைமெக்ஸ் தொழிற்சாலை, பெரும்பாலும் கடிகாரம் பூட்டிப் பழகிய பெண்களின் கைகள். அந்த ஊர் வீடுகளில் ஸ்பெக்ட்ரம் கொஞ்சம் அதிகமாகவே புழங்கியது என்பார்கள். அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த டேவிட் ஜோன்ஸ் என்ற இளைஞர் தொடங்கிய டிஎம்ஏ டிசைன்தான் 1991-இல் 'லெம்மிங்ஸ்' விளையாட்டைக் கொடுத்தது. தொழிற்சாலை 1993-இல் கசப்பான வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மூடப்பட்டது. விளையாட்டு செய்கிறவர்கள் டண்டியில் இன்னும் இருக்கிறார்கள். கேம்பிரிட்ஜிலோ, கணினி அறிவியல் படிக்க வருகிற பிள்ளைகள் எதையும் தோண்டிப் பார்க்காமலே வருகிறார்கள் என்று கவலைப்பட்ட சிலர் 2012-இல் 35 டாலருக்கு ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரை விற்கத் தொடங்கினார்கள். கெட்டாலும் பரவாயில்லை என்று பிள்ளை கையில் கொடுக்கக்கூடிய விலை.

போன வாரம் நண்பன் வீட்டுக்கு வந்தான். சின்க்ளேரின் கம்பெனி இருந்த கிங்ஸ் பரேட் 6-ஆம் எண்ணைத் தாண்டித்தான் நடந்து வந்திருக்கிறான், கவனிக்கவில்லையாம். நான் வாதாடவில்லை. டிவி முன்னால் உட்காரவைத்தேன். தலைப்பும் கோடும் இல்லாத ப்ரோகிராம், 'நாட் பை'கள் எல்லாம் அவற்றின் இடத்தில். ஃபாஸ்ட் போட்டு ஓட்டினேன். திரை போய்விட்டது. வெறும் சாம்பல்.

"போயிடுச்சா?"

"இரு. கணக்குப் போடுது."

ஒரு நிமிஷம் ஆயிற்று. அவன் டீயைக் குடித்தான். இன்னொரு நிமிஷம். டிவியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தான், வயரைத் தொட்டுப் பார்த்தான். பிறகு பேச்சை விட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று திரை வெள்ளையாகத் திறந்துகொண்டது. 2, 3, 5, 7 என்று தொடங்கி, வரிக்கு வரி உடைந்து, 997 வரைக்கும். கீழே 0. எல்லாம் சரி என்று அர்த்தம்.

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"ரெண்டாயிரம் வரைக்கும் போகுமா?"

"போகாது மச்சி, திரைக்கே மெமரி பத்தாது."

"எல்லா எண்ணையும் ஏன் காட்டணும்? முன்னாடி எண்ணுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டினா?" என்று முணுமுணுத்தபடி கீபோர்டைத் தன் பக்கம் திருப்பினான். "தள்ளு, நான் பாக்குறேன்."